மூன்று இழை

எது முதலில் நடந்தது என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். அண்ணனின் சிநேகிதர் பிரேக் அந்தக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்து, நிமிர்ந்து அவளையும் ஒரு தடவை பார்த்து, அதற்குப் பிறகு "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றாரா? இல்லை, எடுத்த எடுப்பிலேயே "ஆமா" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் கம்பியைப் பார்த்தாரா? முப்பத்து நாலு வருடமாக அந்த ஒரு நிமிடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அது தேய்ந்துபோயிருந்தது. அன்று மழை பெய்ததாகக்கூட ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். பெய்திருக்க முடியாது என்று பிறகு தோன்றியது. வார்னிஷில் தோய்த்த மோட்டார் காயில்கள் அண்ணனின் பட்டறை வாசலில் தட்டு தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தன. மழையில் யார் அதை வெளியே வைப்பார்கள்?

அண்ணனின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் செருகும்போதும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால், அண்ணன் அப்போதுதான் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தான்.

"பிரேக்க வரச் சொல்லு."

"யாரண்ணா?"

"எத்தன பிரேக்கு இருக்கான் ஊர்ல?" அண்ணன் சிரிக்கப் பார்த்தான். அது இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. "நீ போய்ச் சொல்லு. வேற யாரையும் அனுப்பாத. நீயே போ, பீச்சாங்கை."

இடது கைப்பழக்கம் என்பதால் அவளுக்குச் சின்ன வயதில் அவன் வைத்த பெயர் அது. ஐம்பத்தைந்து வயதிலும் போகவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஊருக்கே துணி தைத்தும், வீட்டில் அவள் பீச்சாங்கைதான்.

"சரிண்ணா. மருந்து வாங்கப் போறப்ப சொல்லிட்டு வர்றேன்."

அண்ணி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டாக்டர் நேற்றே அவளைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். இன்றோ நாளையோ என்று. அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மருந்துக் கடைக்குப் போகும் வழியில்தான் பிரேக்கின் சைக்கிள் கடை. இவள் எதிர்ப்பக்க நடைபாதையில் போனாள். முப்பத்து நாலு வருடமாக எதிர்ப்பக்கம்தான். அவர் ஒரு சக்கரத்தை இரும்புக் கவட்டையில் மாட்டிச் சுழற்றிவிட்டு, கண்ணை இடுக்கி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை மெல்லிய கம்பியால் கட்டியிருந்தார்.

தெருவைக் கடந்தால் எட்டே எட்டு அடி. அவள் கடக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் கடக்கவில்லை.

பயம்தான். அவர் வருவார், அண்ணன் கேட்பான், அவர் சொல்வார். சாகப்போகிற அண்ணன் அவளைப் பார்ப்பான். கடைசியாக அவன் பார்க்கிற பார்வை அதுவாக இருந்துவிடும். மீதி நாளை அந்தப் பார்வையோடு அவள் எப்படி ஓட்டுவாள்?

அப்போது அண்ணனுக்கும் பிரேக்குக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. சனிக்கிழமை மதியத்தோடு வேலையை முடித்துவிட்டு இருவரும் பட்டறையின் பின்னறையில் உட்கார்ந்துவிடுவார்கள். சரக்கு ரயில் பாதைக்கு அப்பால் ஒரு புதர்க்காடு இருந்தது. அங்கே முயல் உண்டு. அதற்குக் கண்ணி வைக்க எந்தக் கம்பி நல்லது என்பதுதான் பேச்சு. முயல் பிடித்ததைவிட கம்பியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம் என்று அண்ணி சொல்வாள்.

அண்ணன் முதலில் தன் தொழில் சரக்கான செம்புக் கம்பியைத்தான் எடுத்தான். மூன்று முறை இழுத்தால் நீண்டு, நாலாவது இழுப்பில் அறுந்தது. நைலான் நூலைக் கட்டிப் பார்த்தார்கள். "முயல் பல்லுக்கு இதெல்லாம் நூடுல்ஸ்டா" என்றார் பிரேக். ஒற்றை எஃகுக் கம்பி சுருக்காகவே நிற்கவில்லை, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. கடைசியில் அண்ணன் பித்தளையில் போய் நின்றான். படம் மாட்டும் பித்தளைக் கம்பி, ஆறு இழை. வட்டமாக வளைத்தால் வட்டமாகவே நிற்கும், பளபளப்பு போகத் தணலில் காட்டினால் காய்ந்த புல் நிறத்துக்கு வந்துவிடும்.

"பித்தளை பூ மாதிரிடா. சொன்ன பேச்சு கேக்கும்."

"பூவுல முயல் மாட்டாது காயில். பிரேக் கம்பியப் பாரு." அவர் பையிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை உருவுவார். பத்தொன்பது இழையைப் பிரித்து, மூன்றே மூன்றை எடுத்து, தணலில் நீலம் பாயும்வரை காய்ச்சி, விறைப்பு செத்ததும் மறுபடி முறுக்குவார். "இது அறுந்தே போகாது. யானையக் கட்டலாம்."

"யானை பிடிக்கப் போறப்ப உன்னக் கூப்பிடுறேன்."

இப்படித்தான் அவர் பிரேக் ஆனார், அண்ணன் காயில் ஆனான். அவள் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல், கதவோரம் நிற்பாள். கம்பியில் மனித வாசனை போக இரண்டு நாள் மண்ணில் புதைப்பார்கள். சுருக்கு ஒரு முஷ்டி அகலம், தரையிலிருந்து நாலு விரல் உயரம். நின்று நின்று அவளுக்கும் எல்லாம் பாடமாகியிருந்தது. பிரேக் அவளிடம் அதிகம் பேசியதில்லை. அவளும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஒரு தடவை அவளுடைய சைக்கிளைச் சரிபார்க்க எடுத்துப்போனவர், திருப்பித் தரும்போது மணியை வலது கைப்பிடியிலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றியிருந்தார். யாரும் சொல்லவில்லை. "உனக்கு இதுதான் வசதி" என்று மட்டும் சொன்னார்.

கறியை ரசித்துச் சாப்பிட்டவள்தான் அவளும். ஒரு விடிகாலையில் அண்ணனைத் தேடிப் புதர்க்காட்டுக்குப் போனபோது, கண்ணியில் உயிரோடு ஒன்று கிடந்தது. முயல் கத்தும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கைக்குழந்தை பசியில் வீறிட்டதுபோல இருந்தது. அண்ணன் வருவதற்குள் விரலால் பித்தளையைத் தளர்த்தி விட்டுவிட்டாள். அதன்பிறகு அந்தப் பருவம் முழுக்க, அவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்வந்தாள். மணியை அடிக்காமல். மொத்தம் ஆறு முயல்கள்.

"உன் பூவுல இருந்து நழுவிருச்சு பார்" என்று பிரேக் ஒவ்வொரு வாரமும் கிண்டல் செய்தார். அண்ணனுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை, "சரி, உன் கம்பியையே வைப்போம்டா" என்று பிரேக் கம்பியில் மூன்று கண்ணி வைத்தான்.

மறுநாள் ஒன்றில் முயல் இருந்தது. ஏழாவது. பித்தளைபோல அந்தக் கம்பி தளரவில்லை. இறுகினது இறுகினதுதான். சுருக்கு ஓடுகிற சின்ன வளையக் கண்ணின் முறுக்கைப் பிரித்துத்தான் அவளால் முயலை எடுக்க முடிந்தது. அது போனதும், பதற்றத்தில் மறுபடி முறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அண்ணன் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். இழைகளுக்கு நடுவில் ரோமம் சிக்கியிருந்தது. கம்பி அறுந்திருக்கவில்லை.

"அறுந்துபோகாத கம்பில மாட்டுன முயல் எங்கடா போகும்? யாரோ எடுத்திருக்கான். கண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நான் எடுக்கல."

அவள் பிளாஸ்கோடு வாசலில் நின்றாள். அதற்கப்புறம்தான் அந்த ஒரு நிமிடம். கம்பி கை மாறியது, பிரேக் பார்த்தார், அவளைப் பார்த்தார், "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றார். ஏதோ ஒரு வரிசையில்.

"இத்தன வாரமும் நீதானா? எடுத்துட்டு, என்னையும் கிண்டல் வேற பண்ணியா?" என்றான் அண்ணன். பிரேக் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அந்தப் படி ஏறவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தாள். ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. வாரம் வருடமான பிறகு, சொன்னால் முயலை விட்டதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய குற்றமாகத் தெரியும் என்று ஆகிவிட்டது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள்: ஒருவேளை அவர் நிஜமாகவே வேறு முயல்களை எடுத்திருக்கலாம். முதலிலேயே "ஆமா" என்று சொல்லியிருந்தால், அப்படித்தானே அர்த்தம்? அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு சில வருடங்களை ஓட்டினாள்.

மருந்தோடு உள்ளே நுழைந்ததும் அண்ணன் கேட்டான்.

"சொன்னியா?"

"சொன்னேன். வர்றேன்னாரு."

இப்படித்தான் அவள் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

அண்ணனின் முகம் தெளிந்தது. "வந்துருவான்" என்றான். கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொன்னான், வாசல் தெரிகிற மாதிரி. அவளும் அண்ணியுமாகக் கட்டிலை இழுத்தார்கள். சட்டையை மாற்றச் சொன்னான். வெளுத்த நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, பொத்தான்களை அவளே பூட்டினாள்.

"மேல அலமாரில ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். துருப்பிடிச்சது. எடுத்து வை. அவன்கிட்ட குடுக்கணும்."

எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். உள்ளே ஏதோ கலகலத்தது. என்னவென்று கேட்கவில்லை.

பதினொரு மணி, பன்னிரண்டு மணி. தெருவில் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணன் தலையைத் தூக்கினான். அவள் மூன்று தடவை செருப்பை மாட்டினாள். மூன்று தடவையும், இப்போது போனால் காலையில் போகாதது தெரிந்துவிடுமே என்று கழற்றினாள். இரண்டு மணிக்கு மேல் அவன் தலையைத் தூக்கவில்லை, கண்ணை மட்டும் வாசலில் வைத்திருந்தான். அண்ணி ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். உதட்டோரம் வழிந்தது.

"அவனுக்குக் கடைல வேலை இருக்கும்" என்றான். அதுதான் கடைசியாகப் பேசியது.

மூன்றே காலுக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்குக் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், விடவில்லை. அவள்தான் போய் ஜன்னலைத் திறந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் மூலம் செய்தி தெருத் தெருவாகப் போயிற்று. பழக்க தோஷம், ஒரு வீடு விடவில்லை. நாலரை மணிக்குள் அறை நிறைந்துவிட்டது. யார் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிரேக் வந்தபோது அவள் கையில் தம்ளர் இருந்தது. அவர் வாசலிலேயே நின்றார். கையில் கிரீஸ் இருந்தது, துடைக்கக்கூட இல்லை. கட்டிலில் கிடந்த முகம் நேராக அவரைப் பார்ப்பதுபோல இருந்தது.

அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அண்ணி கட்டிலைக் காட்டினாள்.

"காலையிலயே ஆள் விட்டுச் சொன்னோமே. வர்றேன்னு சொல்லி அனுப்பிட்டு வரலையே நீங்க. சட்டைய மாத்திக்கிட்டு, கட்டிலத் திருப்பிப் போடச் சொல்லி, கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரே மனுஷன். பழச இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க?"

பிரேக்குக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அண்ணியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, தம்ளரோடு நின்ற அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் எதையோ படித்து முடித்தன.

"ஆமா" என்றார். "என் தப்புதான். கடைய விட்டு வர முடியல."

இதுதான். இதே மாதிரிதான். முதலில் பார்வை, பிறகுதான் வார்த்தை. முப்பத்து நாலு வருடமாக அவள் எப்படி எப்படியோ மாற்றி அடுக்கிப் பார்த்த அந்த நிமிடம், அவள் கண் முன்னால் இன்னொரு தடவை நடந்து முடிந்திருந்தது. இனிமேல் அதை மாற்றி அடுக்க முடியாது.

"இல்ல அண்ணி" என்றாள். குரல் வேறு யாருடையதோபோல வந்தது. "இவரு வர்றேன்னு சொல்லல. நான் போகவே இல்ல. கடைக்கு எதிர்ல நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். அண்ணன்கிட்ட பொய் சொன்னேன்."

"ஏன்?"

"அன்னைக்கு முயல எடுத்தது இவரு இல்ல. நான்தான். எல்லாத்தையும் நான்தான் அவுத்து விட்டேன்."

"முயலா?" தபால்காரர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். "எந்த முயல்? முயல் எங்க வந்துச்சு இப்போ?"

அண்ணி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடிப்பாளோ என்றுகூடத் தோன்றியது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி குனிந்து, விலகியிருந்த போர்வையை இழுத்து அண்ணனின் பாதத்தை மூடினாள். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"வந்தவங்களுக்கு டீ போடு. எவ்ளோ நேரமா நிக்கிறாங்க."

வண்டி வரும்வரை பிரேக் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் கடைசித் தம்ளர் டீயையும் பிஸ்கட் டப்பாவையும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணன் உங்ககிட்ட குடுக்கச் சொன்னான்."

மூடி துருவில் இறுகியிருந்தது. அவர் கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் நெம்பித் திறந்தார். உள்ளே சுருள் சுருளாகக் கம்பிகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டைத் துண்டு, அதில் அண்ணனின் பொடி எழுத்து. செம்பு, ஒற்றை, நாலாவது இழுப்பில் அறுந்தது. நைலான், கடித்துவிட்டது. பித்தளை, நாலு இழை, நெளிகிறது. பித்தளை, ஆறு இழை, நல்ல கம்பி. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்து, படியில் வரிசையாக வைத்தார். ஒன்றை வாசித்துவிட்டு, "இது பொய். இது என் கைலயே அறுந்துச்சு" என்று அதட்டினார், அண்ணன் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல.

அடியில் ஒரு கண்ணி இருந்தது. நீலம் பாய்ந்த எஃகு. இழைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ரெண்டு ரோமம் இன்னும் இருந்தது.

அவர் அதை விரலில் வைத்து உருட்டினார். கம்பி முழுக்க வலப்பக்கமாக ஓடிய முறுக்கு, சுருக்கு ஓடுகிற கண்ணுக்கு வந்ததும் இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. தையல் நூலைத் திரிக்கும்போது அவள் விரல் இப்போதும் போகிற பக்கம் அது.

"பித்தளையா இருந்தா தெரிஞ்சிருக்காது" என்றார். "எந்தப் பக்கம் திருப்புனாலும் அது திரும்பிக்கும். இது அப்படி இல்ல."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"வாழ்நாள் முழுக்கக் காயில் கட்டுனவன். எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்காம ஒரு கம்பியத் தொட்டிருப்பானா? அன்னைக்குக் கோவத்துல பாத்திருக்க மாட்டான். அப்புறம் பாத்திருப்பான்." டீயை ஒரு வாய் குடித்தார். "எப்பன்னு அவன்தான் சொல்லணும்."

அந்தக் கண்ணியில் கட்டியிருந்த அட்டைத் துண்டை அவளிடம் நீட்டினார். மற்ற அட்டைகளைவிட அது புதிதாக இருந்தது. மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதியது. எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

பிரேக் கம்பி, மூணு இழை. அறுந்துபோகல. அவன் சொன்னதுதான் சரி.

அவள் அதை ரெண்டு தடவை வாசித்தாள். "நீயே போ" என்று காலையில் அவன் சொன்னது காதில் இருந்தது. முன்பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிரேக் எழுந்தார். எழுந்தவர் உடனே உள்ளே போகாமல், குழாயடியில் குனிந்து கிரீஸ் போகும்வரை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவள் துண்டை நீட்டினாள். துடைத்துக்கொண்டு போய், கட்டிலின் தலைமாட்டை அவர்தான் பிடித்துத் தூக்கினார்.

அண்ணி ஏழு மாதம் அவளோடு பேசவில்லை. எட்டாவது மாதம், அந்த மூன்று தலையணைகளையும் கொண்டுவந்து மிஷின் பக்கத்தில் போட்டு, "உறை கிழிஞ்சிருச்சு, தச்சுக் குடு" என்றாள். அதன்பிறகு பேசினாள், முன்னளவுக்கு இல்லை. பட்டறையை விற்றுவிட்டார்கள், அங்கே இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். தபால்காரர் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிரேக் இன்னும் நாலு வருடம் கடை நடத்திவிட்டு, கண் சரியில்லாமல் போனதும் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது டப்பாவை அவளிடமே கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டார். புதர்க்காட்டில் சரக்குக் கிடங்கு வந்துவிட்டது. அவள் இப்போதும் தைக்கிறாள். சைக்கிள் ஓட்டுவதில்லை. அது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போகிற வருகிற வழியில் மணியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்கள். அது இன்னும் இடது பக்கத்தில்தான் இருக்கிறது.